இளவரசி வெட்டு வைரம்

இளவரசி வெட்டு என்பது மேலிருந்து நோக்கும்போது சதுரமாகவோ சற்றே நீள்சதுரமாகவோ தோன்றும் வகையில் வைரத்துக்குப் பட்டை தீட்டும் முறைகளுள் ஒன்றாகும். வணிகத்தில் இது பிரின்சஸ் கட் என்றே பெரிதும் அழைக்கப்படுகின்றது. நிச்சயதார்த்த மோதிரங்களில் வட்ட வெட்டுக்கு அடுத்தபடியாக நன்கு அறியப்பட்ட வடிவங்களுள் இதுவும் ஒன்று. வட்ட வெட்டுக்கு நிகரான ஒளிர்வும் கூரிய நான்கு மூலைகளும் இதன் சிறப்பியல்புகள். அம்மூலைகளே இதன் வலுக்குறைந்த இடங்களாகவும் உள்ளன.

வடிவமைப்பு

இவ்வெட்டின் மேற்பகுதி தட்டையாகவும், அடிப்பகுதி தலைகீழாக வைக்கப்பட்ட கூம்புக் கோபுரம் போலவும் அமைந்திருக்கும். பொதுவாக 57 அல்லது 76 பட்டைகள் தீட்டப்படுகின்றன. அடிப்பகுதியில் மையத்தில் இருந்து மூலைகளை நோக்கிச் செல்லும் அம்புத்தலை வடிவப் பட்டைகளே இதன் மினுமினுப்புக்குக் காரணமாகும். இவற்றின் அடுக்குகள் கூடும்போது ஒளிப்புள்ளிகள் சிறியனவாகவும் பலவாகவும் தெரியும். குறையும்போது பெரியனவாகவும் தெளிவாகவும் தெரியும்.

வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.417 ஆகும். எனவே உள்ளே நுழையும் ஒளி, சரியான கோணத்தில் தீட்டப்பட்ட அடிப்பட்டைகளில் பட்டு முழு அகத் தெறிப்பு அடைந்து மேல்வழியே திரும்புகின்றது. கோணம் தவறினால் ஒளி அடிவழியே கசிந்து, கல்லின் நடுப்பகுதி மங்கலாகத் தோன்றும்.

வரலாறு

இளவரசி வெட்டு என்ற பெயரை முதலில் பயன்படுத்தியவர் இலண்டனைச் சேர்ந்த அர்பாத் நாகி ஆவார். 1961 இல் அவர் உருவாக்கிய வேறொரு வெட்டுக்கே இப்பெயர் வழங்கியது. 1971 இல் தென்னாப்பிரிக்காவின் பாசில் வாட்டர்மேயர் உருவாக்கிய பாரியன் வெட்டு, சதுரக் கல்லிலும் வட்டக் கல்லின் ஒளிர்வைக் கொண்டுவர முடியும் என்பதைக் காட்டியது. இன்றைய வடிவம் 1980 வாக்கில் பெட்சலேல் அம்பார், இசுரேல் இட்ஸ்கோவிட்ஸ் ஆகியோரால் உருவாக்கப்பட்டது. அது குவாட்ரில்லியன் என்ற வணிகப் பெயரில் விற்கப்பட்டது. பின்னர் பிறரும் இத்தகைய கற்களைத் தீட்டத் தொடங்கியபோது, இளவரசி வெட்டு என்பது பொதுப்பெயராக நிலைபெற்றது.

நிறையும் தோற்ற அளவும்

வைரத்தின் நிறை காரட் அலகில் அளக்கப்படுகின்றது. 1 காரட் என்பது 0.2 கிராம் ஆகும். காரட்டில் நூறில் ஒரு பங்கு சென்ட் எனப்படும். தமிழகத்து நகைக்கடைகளில் சிறு கற்களின் நிறை சென்ட் கணக்கிலேயே கூறப்படுகின்றது. தங்கத்தின் தூய்மையைக் குறிக்கும் காரட் வேறு, வைரத்தின் நிறையைக் குறிக்கும் காரட் வேறு.

இயற்கையில் வைரம் பெரும்பாலும் எண்முக வடிவில் கிடைக்கின்றது. எண்முகத்தின் பாதி ஏறத்தாழ இளவரசி வெட்டின் வடிவையே ஒத்திருப்பதால், இம்முறையில் மூலக்கல்லின் பெரும்பகுதி வீணாகாமல் எஞ்சுகின்றது. வட்ட வெட்டில் பாதிக்கு மேற்பட்ட பகுதி கழிந்துவிடலாம். இதனால் ஒரே தரமுள்ள கற்களில் இளவரசி வெட்டு, வட்ட வெட்டைவிடக் காரட்டுக்கு விலை குறைவாக உள்ளது.

ஆயினும் நிறை கூடிய கல் பெரிதாகத் தெரியும் எனக் கொள்ள முடியாது. 1 காரட் வட்ட வைரத்தின் விட்டம் சுமார் 6.5 மி.மீ. ஆகும். அதே நிறையுள்ள இளவரசி வெட்டின் பக்கம் சுமார் 5.5 மி.மீ. மட்டுமே. கல்லின் ஆழம் அகலத்தில் 72 விழுக்காடு அளவில் இருக்கும்போது இவ்வளவு கிடைக்கும். ஆழம் 80 விழுக்காட்டைத் தாண்டினால், அதே 1 காரட் கல்லின் பக்கம் சுமார் 5.3 மி.மீ. ஆகச் சுருங்கிவிடும். நிறை அடிப்பகுதியில் மறைந்திருக்க, வாங்குபவர் கண்ணுக்குத் தெரியாத பகுதிக்கும் விலை கொடுக்க நேர்கின்றது. எனவே காரட்டுடன் நீளம், அகலம், ஆழம் ஆகிய மூன்றையும் ஒப்பிடுதல் வேண்டும். நீளத்தை அகலத்தால் வகுத்து வரும் ஈவு 1.05 ஐத் தாண்டாத கற்கள் கண்ணுக்குச் சதுரமாகத் தோன்றும்.

மூலைகளின் உறுதி

மோவின் கடினத்தன்மை அளவுகோலில் வைரம் 10 ஆம் நிலையில் உள்ளது. கடினத்தன்மை என்பது கீறலைத் தாங்கும் திறன் மட்டுமே. அடியைத் தாங்கும் திறன் அன்று. வைரப் படிகம் நான்கு திசைகளில் எளிதில் பிளவுபடக்கூடியது. ஆகவே பாத்திர விளிம்பிலோ இரும்புக் கதவிலோ கை மோதும்போது, கூரிய மூலை சிதறிவிட வாய்ப்புண்டு. காதணியைவிட மோதிரத்தில் இந்த ஆபத்து அதிகம்.

இதனால் மோதிரத்தில் பதிக்கும்போது ஒவ்வொரு மூலையையும் இருபுறமும் தழுவிப் பிடிக்கும் கொக்கிகள் அமைக்கப்படுகின்றன. கல்லின் சுற்று விளிம்பு முழுவதையும் தங்கத் தகட்டால் சூழ்ந்து பதிப்பது மேலும் பாதுகாப்பானது. இடைவிளிம்பு மிக மெல்லியதாக உள்ள கற்களும், மூலையை ஒட்டிக் கீற்று உள்ள கற்களும் பதிக்கும்போதே உடையக்கூடும். மூலையில் உள்ள குறையைக் கொக்கி மறைத்துவிடும் என்பதால், கல்லைப் பதிப்பதற்கு முன் தனியாகப் பார்ப்பது நல்லது.

தெளிவும் நிறமும்

வைரத்தின் குறைகளை வகைப்படுத்தும் வழக்கம் தமிழில் பழைமையானது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரையின் மணிக்கடைவீதியை விவரிக்குமிடத்து, வைரத்துக்குரிய குற்றங்களாகக் காகபாதம், களங்கம், விந்து, ஏகை ஆகிய நான்கைச் சுட்டுகின்றது. இவை முறையே காக்கையின் கால் போன்ற விரிசல், கறை, புள்ளி, கீற்று எனப் பொருள்படும். இன்றைய தெளிவுத் தரவரிசையும் இத்தகைய குறைகளையே பத்து மடங்கு உருப்பெருக்கியில் பார்த்து மதிப்பிடுகின்றது. இளவரசி வெட்டின் மினுமினுப்பு சிறு புள்ளிகளை மறைக்க வல்லது. எனவே நடுத்தரத் தெளிவுள்ள கல்லும் வெறுங்கண்ணுக்குத் தூயதாகத் தோன்றலாம். ஆனால் புள்ளியைவிட மூலையை அடையும் கீற்றே தீங்கானது.

நிறம், ஆங்கில எழுத்து டி முதல் இசட் வரையான வரிசையில் குறிக்கப்படுகின்றது. டி என்பது நிறமற்றது. இளவரசி வெட்டில் மஞ்சள் சாயல் மூலைகளில் சற்றுக் கூடுதலாகத் தெரியும்.

தமிழகத்தில்

தமிழகத்தில் நிச்சயதார்த்தம் என்பது தாம்பூலம் மாற்றி உறுதி செய்யும் சடங்காகவே இருந்து வந்தது. மணமக்கள் மோதிரம் மாற்றிக்கொள்வது பிற்காலத்தில் பல சமூகங்களில் சேர்ந்த வழக்கமாகும். வைரம் முன்னரே மூக்குத்தியிலும் எழுகல் தோட்டிலும் சிறப்பிடம் பெற்றிருந்தது. தோட்டுக் கற்களில் ஜாகர் எனப்படும் நீலச்சாயல் வெண்கற்கள் விரும்பப்பட்டன. தென்னாப்பிரிக்காவில் 1870 இல் வைரம் கண்டறியப்பட்டு 1971 இல் மூடப்பட்ட ஜாகர்ஸ்பொன்டைன் சுரங்கத்தின் பெயரால் இவை இவ்வாறு அழைக்கப்பட்டன. புற ஊதாக் கதிரில் சில வைரங்கள் நீலமாக ஒளிரும். இப்பண்பு பகலொளியில் மஞ்சள் சாயலைக் குறைத்துக் காட்டும். மிகுந்தால் சில கற்களைப் புகைமூட்டமாகவும் காட்டும். சதுரக் கல்லைத் தேர்வதற்கும் இது பொருந்தும்.

ஆய்க்குடி போன்ற ஊர்களில் இருந்து திருமண நகை வாங்குவோர் தென்காசி, திருநெல்வேலி, மதுரை ஆகிய நகரங்களின் கடைகளை நாடுகின்றனர். கடையின் விளக்கொளி எந்தக் கல்லையும் மின்னச் செய்யும். எனவே கல்லைச் சன்னலருகே நிழல் வெளிச்சத்திலும் பார்ப்பது பயனுள்ளது.

சான்றிதழ்

நகையில் காணப்படும் இந்தியத் தரநிர்ணய அமைப்பின் ஹால்மார்க் முத்திரை தங்கத்தின் தூய்மையை மட்டுமே உறுதி செய்கின்றது. அது வைரத்தைப் பற்றி எதுவும் கூறுவதில்லை. வைரத்துக்குத் தனி ஆய்வகச் சான்றிதழ் தேவை. சான்றிதழின் எண், பல கற்களின் இடைவிளிம்பில் சீரொளியால் பொறிக்கப்பட்டிருக்கும். அதனை உருப்பெருக்கியில் படித்து, ஆய்வகத்தின் இணையதளத்தில் ஒப்புநோக்கலாம்.

அமெரிக்க இரத்தினவியல் நிறுவனம் 2006 இல் அறிமுகப்படுத்திய வெட்டுத் தரவரிசை வட்ட வெட்டுக்கென அமைக்கப்பட்டதாகும். எனவே இளவரசி வெட்டின் சான்றிதழில் மெருகு, சமச்சீர்மை ஆகிய இரண்டும் மிக நன்று எனக் குறிக்கப்பட்டிருப்பினும், கல் நன்கு ஒளிரும் என்பதற்கு அது உறுதியாகாது. இரண்டு மூன்று கற்களை அருகருகே வைத்துப் பார்ப்பதே நம்பத்தகுந்த வழியாகும்.

ஆய்வக வைரங்களும் போலிகளும்

ஆய்வகத்தில் வளர்க்கப்படும் வைரமும் வேதியியல் அடிப்படையில் வைரமே ஆகும். அதனை இயற்கை வைரத்தில் இருந்து வெறுங்கண்ணால் பிரித்தறிய இயலாது. சிறப்புக் கருவிகள் தேவை. இதன் விலை இயற்கை வைரத்தைவிட மிகக் குறைவு என்பதால், கல் எவ்வகையது என்பது விற்பனைச் சீட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும். இத்துறை ஆய்வுக்காக 2023 ஆம் ஆண்டின் நடுவண் வரவுசெலவுத் திட்டத்தைத் தொடர்ந்து, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கு ஐந்தாண்டுகளுக்குச் சுமார் 243 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது.

அமெரிக்கன் டைமண்ட் எனப்படும் கியூபிக் சிர்கோனியா வைரம் அன்று. இத்தகைய செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டும் குடிசைத் தொழிலுக்குத் திருச்சிராப்பள்ளி பெயர் பெற்றது.

மறுவிற்பனை

தங்கத்தைப் போல வைரத்துக்கு நாள்தோறும் அறிவிக்கப்படும் பொதுவிலை இல்லை. திரும்ப விற்கும்போது கடைக்குக் கடை கழிவு வேறுபடுகின்றது. மூலை உடைந்த கல்லை மீண்டும் தீட்ட முடியுமாயினும் அதன் நிறையும் மதிப்பும் குறைந்துவிடும். எனவே திரும்பப் பெறும் நிபந்தனைகளை வாங்கும்போதே எழுத்தில் பெறுவது வழக்கமாகப் பரிந்துரைக்கப்படுகின்றது.

இவற்றையும் பார்க்க

வைரம்
நவரத்தினங்கள்
மோவின் அளவுகோல்
ஊர்காண் காதை