ஒரு தாடைக்குள் 526 பற்கள்

பிள்ளைக்குத் தாடை வீங்கினா நம்ம பரவைப் பக்கம் முதல்ல சொல்றது "பொன்னுக்கு வீங்கி". கழுத்துல தங்கச் சங்கிலியைப் போட்டுவிட்டு ஒரு வாரம் பார்ப்பாங்க. பொன்னுக்கு வீங்கின்னா அது தானாவே வடிஞ்சிரும். சங்கிலிக்குப் பேர் கிடைச்சிரும்!

ஆனா எல்லா வீக்கமும் அது இல்ல மக்களே.

2019 ஜூலை. சென்னை சவீதா பல் மருத்துவக் கல்லூரிக்கு ஏழு வயசுப் பையன் ஒருத்தன் வந்தான். வலது கீழ்த்தாடையில வீக்கம். ஸ்கேன் எடுத்தா உள்ளே குட்டிக் குட்டியா பற்கள். ஆபரேஷன்ல சுமார் 200 கிராம் எடையுள்ள ஒரு பையை அப்படியே எடுத்தாங்க. அதைப் பிரிச்சு எண்ணவே ஐந்து மணி நேரம் ஆச்சு. மொத்தம் 526 பற்கள்!

இதுக்கு ஐந்து வருஷம் முன்னாடி, 2014-ல மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில 17 வயசுப் பையனுக்கு 232 பற்கள் எடுத்திருந்தாங்க.

இந்தக் கட்டிக்கு ஒடோன்டோமா என்று பெயர். பல்லை உருவாக்குற திசு, ஒரு பல்லோட நிற்காம தாறுமாறா வளர்றதுதான் இது. புற்றுநோய் இல்லை, உடம்புல வேற எங்கேயும் பரவாது. முழுசா எடுத்துட்டா திரும்ப வருவது அபூர்வம். விட்டு வச்சா, நிரந்தரப் பல் மேல வர வழியை அடைச்சிரும்.

இந்தப் பெயரை 1860-களிலேயே வச்சவர் பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா. மூளையில பேச்சுக்கான பகுதியைக் கண்டுபிடிச்ச அதே புரோக்காதான். அவர் காலத்துல தாடைக்குள்ளே எட்டிப் பார்க்க எக்ஸ்ரே கிடையாது. ரான்ட்ஜன் அதைக் கண்டுபிடிச்சது 1895-ல.

இப்போ எக்ஸ்ரே இருக்கு. ஆனாலும் அந்தச் சென்னைப் பையனுக்கு வீக்கம் தெரிய ஆரம்பிச்சது மூணு வயசுல. சிகிச்சை நடந்தது ஏழு வயசுல. சின்னப் பிள்ளை, பரிசோதனைக்கு ஒத்துழைக்கல. பெத்தவங்களைக் குறை சொல்லிப் பயனில்லை. டாக்டரைப் பார்த்ததும் அலறுற பிள்ளைகளை நாங்க தினமும் பார்க்கிறோம். அழுதாலும் திரும்பக் கூட்டிட்டு வாங்க, அவ்வளவுதான்.

ரெண்டு விஷயம் ஞாபகம் வச்சுக்கோங்க:

✅ தாடை வீக்கம் ரெண்டு வாரம் தாண்டியும் வடியலைன்னா, வலியே இல்லைன்னாலும் காட்டுங்க.

✅ பால் பல் விழுந்து, ஒரு பக்கம் புதுப் பல் வந்து பல மாசமாகியும் மறுபக்கம் வரலைன்னா காட்டுங்க.

அரசு மருத்துவமனை பல் பிரிவுல ஒரு எக்ஸ்ரே எடுத்தா பெரும்பாலும் தெரிஞ்சிரும்.

அந்தப் பையனுக்கு ஆபரேஷனுக்கு அப்புறம் 21 பற்கள் மிஞ்சின. சிரிக்க அது போதும் 🙂