நிறுவனம் தேடுவோரும் பயிற்சி மாணவரும்

வாணிகம் செய்ய முதலும் வேண்டும், தொழிற்பழக்கமும் வேண்டும் என்பது நம் முன்னோர் கண்ட நடைமுறை. இரண்டும் நிரம்பாத இளைஞர், பிறர் நெடுங்காலம் நடத்திவந்த சிறு நிறுவனமொன்றைத் தேடி வாங்கித் தாமே தலைமையேற்று நடத்தும் முறை 1984ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உருவாயிற்று. அதற்கு வித்திட்டவர் இர்விங் குரோஸ்பெக். 1963இல் காண்டினென்டல் கேபிள்விஷன் நிறுவனத்தை நண்பருடன் தொடங்கி வளர்த்த இவர், பின்னர் ஹார்வர்டிலும் ஸ்டான்ஃபோர்டிலும் ஆசிரியராக விளங்கினார். இம்முறையைச் 'சர்ச் ஃபண்ட்' என்பர். தேடல் நிதி எனலாம். நம் இல்லத்துப் பிள்ளைகளும் வணிக மேலாண்மை பயிலச் செல்லும் இந்நாளில் இதன் வரலாற்றை அறிந்திருத்தல் நலம்.

முதலீட்டாளர் சிலர் கூடி ஏறத்தாழ இரண்டாண்டுத் தேடலுக்கான செலவை அளிப்பர். தக்க நிறுவனம் கிடைத்ததும் அதை வாங்கும் தொகையில் பங்கேற்கும் முன்னுரிமை அவர்களுக்கு உண்டு. கெவின் டவீல், ஜிம் எல்லிஸ் என்னும் ஸ்டான்ஃபோர்டு பட்டதாரிகள் இவ்வழியில் 1995இல் வாங்கிய, சாலையில் பழுதுபட்ட வண்டிகளுக்கு உதவும் சிறு நிறுவனமே இன்று அஷூரியன் எனப் பெருகி நிற்கிறது. எனினும், தேடுவோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் எதனையும் வாங்காமலே தேடலை முடித்துக்கொள்கின்றனர். வெற்றிக் கதைகளை மட்டும் கேட்டு மயங்குவார்க்கு இது நினைவிருக்க வேண்டும்.

தேடலின் பெரும்பகுதி சலிப்பூட்டும் பணி. ஒரு தொழிலில் உள்ள நிறுவனங்களைப் பட்டியலிட வேண்டும். உரிமையாளர் முதுமையடைந்தவரா, தொழிலை ஏற்க வாரிசு உண்டா என விசாரிக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் மடல் விடுத்து, மறுமொழிகளைக் குறித்து வைக்க வேண்டும். செலவுக்குள்ள தொகையோ சிறிது. ஆகவே தேடுவோர் கல்லூரி மாணவரைப் பயிற்சியாளராக அமர்த்தினர். பலருக்கு ஊதியமில்லை, அனுபவமே கூலி என்றனர். இதில் இன்னொரு இடர்ப்பாடும் உண்டு. நிறுவனம் விலைக்கு வரலாம் என்ற செய்தியை உரிமையாளர் தம் பணியாளரிடமும் மறைத்து வைத்திருப்பார். பழக்கமில்லாத மாணவர் தொலைபேசியில் தவறான ஆளிடம் ஒரு சொல் சிந்திவிட்டால் அங்குள்ள தொழிலாளர் அனைவரும் கலங்குவர். பட்டியல் எழுதுவதை மாணவரிடம் விட்டாலும், உரிமையாளரிடம் பேசுவதைத் தேடுவோர் தாமே மேற்கொள்வதுதான் முறை என்பேன்.

ஊதியமின்றி உழைப்பைப் பெறலாமா என்ற வழக்கு பழையது. இங்கிலாந்தில் 1563ஆம் ஆண்டுச் சட்டம் தொழில் பயில ஏழாண்டு விதித்தது. அக்காலத்து ஒப்பந்தங்களின்படி மாணவனுக்கு உணவும் உறையுளும் தருவது ஆசானின் கடமை. அமெரிக்காவில் 1938இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. 1947இல் இரயில்வேப் பயிற்சியாளர் வழக்கில், பயிற்சியால் நிறுவனத்துக்கு உடனடி ஆதாயம் இல்லையாதலின் அவர்கள் பணியாளர் ஆகார் என உச்ச நீதிமன்றம் தீர்த்தது. 'பிளாக் ஸ்வான்' திரைப்படத்தில் ஊதியமின்றி உழைத்தோர் தொடுத்த வழக்கில், 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், முதன்மையாகப் பயன்பெறுபவர் யார் என்பதே உரைகல் என்றது. 2018இல் தொழிலாளர் துறையும் அதனை ஏற்றது.

இவ்வுரைகல் நமக்குப் புதிதன்று. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரம், கொல்லாமை அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களுள் மிகுபாரம் ஏற்றுதலையும் உணவை மறுத்தலையும் வைக்கிறது. அதன் வழிவந்த நம் அருங்கலச்செப்பை ஓதியவர் இதனை அறிவர். வண்டி மாட்டைச் சொல்லியதாக மட்டும் இதனைக் கொள்வது குறுகிய நோக்கு. அண்டி உழைக்கும் மாந்தர்க்கு இது இன்னும் மிகுதியாகப் பொருந்தும்.

இன்று தேடுவோர் சிலர் மாணவருக்கு மணிக்கணக்கில் கூலி தருகின்றனர். சிலர் கணக்கேடு படிக்கவும் தொழிலின் மதிப்பை அளக்கவும் கற்பிக்கின்றனர். வெறும் பட்டியல் எழுதச் செய்து அனுப்பிவிடுவோரும் உளர். அவ்வாறு பட்டியல் எழுதிப் பழகிய மாணவருள் சிலர் பின்னாளில் தாமே தேடல் நிதி திரட்டி, நிறுவனம் தேடப் புறப்படுகின்றனர்.