ஊர்தித் தகட்டுத் துரு

ஊர்தித் தகட்டுத் துரு என்பது வேன், மகிழுந்து, சரக்குந்து முதலிய ஊர்திகளின் எஃகுத் தகடுகளும் அடிச்சட்டமும் (சேசிஸ்) நீராலும் காற்றிலுள்ள ஆக்சிசனாலும் அரிக்கப்படுவதைக் குறிக்கும். தமிழ்நாட்டில் பழைய வேன்களைத் தகுதிச் சான்றுக்கு (பேச்சு வழக்கில் எப்.சி.) கொண்டு செல்லும் முன்னர், டிங்கர் பட்டறையில் விட்டுத் துருவை அகற்றி, தகடு வைத்து, வண்ணம் பூசுவது வழக்கம். துருவை நீக்கிய ஊர்தியும் துருவை மறைத்த ஊர்தியும் வண்ணம் பூசிய பின்னர் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் பயணிப்போரின் பாதுகாப்பைப் பொறுத்தவரை இவ்விரண்டும் வெவ்வேறானவை.

துரு உருவாகும் விதம்

துரு என்பது நீரேறிய இரும்பு ஆக்சைடு ஆகும். வண்ணப்பூச்சில் சிறு கீறல் விழுந்தாலும் அதன் வழியே ஈரம் எஃகை அடைகிறது. ஈரம்பட்ட எஃகின் ஒரு பகுதி நேர்மின்வாயாகவும் மற்றொரு பகுதி எதிர்மின்வாயாகவும் செயல்பட, இரும்பு கரைந்து துருவாக மாறுகிறது. நீரில் உப்பு கலந்திருந்தால் மின்கடத்தல் கூடி இவ்வினை விரைவடையும். கடற்கரை ஊர்களில் ஊர்திகள் விரைவில் துருப்பிடிப்பதற்கு இதுவே காரணம்.

அலுமினியத்தின் ஆக்சைடு படலமாக ஒட்டிக்கொண்டு உலோகத்தைக் காக்கிறது. இரும்பின் துரு அவ்வாறு காப்பதில்லை. அது தான் உருவான இரும்பைவிடப் பல மடங்கு கூடுதலான இடத்தை அடைத்துக்கொள்வதால் வண்ணப்பூச்சை உப்பச் செய்து உதிர்கிறது. உதிர்ந்த இடத்தில் புதிய எஃகு வெளிப்பட, அரிமானம் தொடர்கிறது. வேன்களின் உடற்தகடுகள் பொதுவாக ஒரு மில்லிமீட்டர் அளவே தடிப்புடையவை ஆதலால், கவனிக்காமல் விட்டால் சில மழைக்காலங்களிலேயே பொத்தல் விழக்கூடும்.

துருப்பிடிக்கும் இடங்கள்

நீரும் சேறும் தேங்கும் இடங்களே முதலில் துருப்பிடிக்கின்றன. அவற்றுள் முக்கியமானவை:

- கதவுகளின் அடிவிளிம்பும் அங்குள்ள நீர்வடி துளைகளும்
- நகரும் கதவின் கீழ்த்தடம்
- சக்கரங்களுக்கு மேலுள்ள மட்கார்டின் உட்புறம்
- கால்மிதிக்குக் கீழுள்ள தரைத்தகடு
- கூரை விளிம்பும் கண்ணாடி ரப்பரின் அடிப்பகுதியும்
- வில்தட்டு (பிளேட்), இருக்கை, இருக்கைப் பட்டை ஆகியவை பொருத்தப்பட்ட இடங்கள்

இவற்றுள் கடைசியாகக் குறிப்பிட்டவையே மிகவும் ஆபத்தானவை. 1984 முதல் 2019 வரை தயாரிக்கப்பட்ட மாருதி ஆம்னி போன்ற வேன்களில் தனி அடிச்சட்டம் கிடையாது. தரைத்தகடும் பக்கத்தகடுகளும் சேர்ந்தே பளுவைத் தாங்குகின்றன. இத்தகைய ஊர்தியில் தரை அரிக்கப்படுவது, ஊர்தியின் எலும்புக்கூடே அரிக்கப்படுவதற்கு ஒப்பாகும். தனி அடிச்சட்டம் உடைய சரக்கு வேன்களில் மேற்கூடு அரிக்கப்பட்டாலும் அடிச்சட்டம் ஓரளவு பளுவைத் தாங்கி நிற்கும்.

பள்ளிப்பட்டுப் பகுதி

திருவள்ளூர் மாவட்டத்தில் ஆந்திர எல்லையை ஒட்டியுள்ள பள்ளிப்பட்டு கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி அமைந்த ஊர். எனவே இங்கு உப்புக்காற்றின் தாக்கம் குறைவு. எனினும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வரும்போதும், ஆந்திராவிலுள்ள கிருஷ்ணாபுரம் நீர்த்தேக்கத்திலிருந்து உபரி நீர் திறக்கப்படும்போதும் இப்பகுதியின் தரைப்பாலங்கள் மூழ்குவதுண்டு. நீர் வடிந்த பின்னர் சேற்றில் செல்லும் ஊர்திகளின் அடிப்பகுதியில் படியும் வண்டல் பல நாட்கள் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெள்ளத்திற்குப் பின் அடிப்பகுதியை நல்ல நீரால் பீய்ச்சிக் கழுவி, கால்மிதிகளை எடுத்து வெயிலில் உலர்த்துவது செலவில்லாத தடுப்பு முறையாகும்.

இப்பகுதியில் விசைத்தறித் தொழில் பரவலாக உள்ளது. நூலும் துணியும் சிறு சரக்கு வேன்களில் செல்கின்றன. மொத்த எடை 3,000 கிலோகிராமுக்கு மேற்படாத சரக்கு ஊர்திகளுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்படி பெர்மிட் தேவையில்லை. ஆயினும் தகுதிச் சான்றிலிருந்து அவற்றுக்கு விலக்கு இல்லை. தமிழ்நாட்டில் பெற்ற தகுதிச் சான்று, காலாவதி ஆகும் வரை இந்தியா முழுவதும் செல்லும். ஆகவே எல்லைக்கு அப்பாலுள்ள நகரிக்குச் செல்வதற்காகத் தனியே ஒரு தகுதிச் சான்று பெறவேண்டியதில்லை.

தகுதிச் சான்று

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 56ஆம் பிரிவு, தகுதிச் சான்று இல்லாத போக்குவரத்து ஊர்தியை முறைப்படி பதிவு பெற்றதாகக் கருத இயலாது என்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 62ஆம் விதியின்படி, எட்டு ஆண்டுகள் வரையிலான ஊர்திகளுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு ஆண்டுதோறும் சான்றைப் புதுப்பிக்க வேண்டும். இக்கால அளவு 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஏற்பட்டதாகும். சொந்தப் பயன்பாட்டு வேன்களின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். அதன் பின்னர் ஊர்தியைச் சோதனைக்கு உட்படுத்தி, ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்கலாம்.

சோதனையின்போது நிறுத்தி (பிரேக்), திசைமாற்றி, விளக்குகள், புகை அளவு முதலியவை பார்க்கப்படுகின்றன. 2021ஆம் ஆண்டு தானியங்கிச் சோதனை நிலையங்களுக்கான விதிகள் அறிவிக்கப்பட்டன. நிறுத்தியின் திறனையும் புகையையும் பொறி அளவிட்டுக் கூறும். தகட்டின் நிலையை அறியவோ ஒருவர் குனிந்து அடியில் பார்க்க வேண்டியுள்ளது.

முடிச்சூர் விபத்து

2012 ஜூலை 25 அன்று தாம்பரம் அருகே முடிச்சூரில், ஓடிக்கொண்டிருந்த பள்ளிப் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியே இரண்டாம் வகுப்பு மாணவி ஒருவர் சாலையில் விழுந்து உயிரிழந்தார். அப்பேருந்து அண்மையில்தான் தகுதிச் சான்று பெற்றிருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் இதனைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு பள்ளிப் பேருந்துகளுக்கெனச் சிறப்பு விதிகளை வெளியிட்டது. இப்போது ஒவ்வொரு கல்வியாண்டும் தொடங்கும் முன்னர் வருவாய், போக்குவரத்து, காவல், பள்ளிக்கல்வித் துறையினர் கூட்டாகப் பள்ளி ஊர்திகளை ஆய்வு செய்கின்றனர். தரையின் உறுதியும் அவ்வாய்வில் பார்க்கப்படுகிறது. சான்று என்பது சோதனை நாளன்று காணப்பட்ட நிலையைக் குறிப்பது மட்டுமே என்பதையும், தரையைப் பேணும் பொறுப்பு உரிமையாளரைவிட்டு நீங்குவதில்லை என்பதையும் இவ்விபத்து உணர்த்தியது.

சீர்செய்யும் முறை

1. கண்டறிதல்: கால்மிதி, இருக்கை ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல தகடு கணீரென ஒலிக்கும். அரிக்கப்பட்ட தகடு மந்தமாக ஒலிக்கும். ஐயத்திற்குரிய இடத்தைத் திருப்புளியின் முனையால் அழுத்தினால் தகட்டின் நிலை தெரிந்துவிடும்.

2. மேற்பரப்புத் துரு: கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் பளபளக்கும் எஃகு தெரியும்வரை தேய்க்க வேண்டும். நுண்குழிகளில் எஞ்சும் துருவைப் பாசுபாரிக் அமிலம் அல்லது டானிக் அமிலம் கொண்ட துருமாற்றிகள் நிலையான சேர்மமாக மாற்றும். பின்னர் பிரைமரும் வண்ணமும் பூசலாம். துருவின் மேல் நேரடியாக வண்ணம் பூசினால் அடியில் அரிமானம் தொடரும்.

3. பொத்தல்: அரிக்கப்பட்ட பகுதியைச் சுற்றிலும் நல்ல தகடு வரும்வரை வெட்டி எடுத்து, அதே தடிப்புள்ள புதுத் தகட்டைப் பற்றவைக்க வேண்டும். பட்டி என்பது மேடுபள்ளங்களைச் சமன்படுத்துவதற்கு மட்டுமே உரியது. பொத்தலில் துணியோ கண்ணாடியிழையோ அடைத்துப் பட்டி பூசினால் பளு தாங்காது. மேலும், அதனடியில் ஈரம் தங்கித் துரு பெருகும்.

4. உட்புறக் காப்பு: பற்றவைப்பின் சூட்டில் தகட்டின் பின்பக்கப் பூச்சும் கருகிவிடும். அப்பக்கத்தையும் பூசி, நீர்வடி துளைகளை அடைக்காமல் விட வேண்டும்.

பற்றவைக்கும் முன்னர் மின்கல இணைப்பைக் கழற்றி, பெட்ரோல் தொட்டியையோ எரிவளி உருளையையோ ஊர்தியிலிருந்து அகற்ற வேண்டும். ஆம்னி போன்ற வேன்கள் பலவற்றில் எரிவளி உருளை பின்னர் பொருத்தப்பட்டதாகையால் இது குறிப்பாகக் கவனிக்கத்தக்கது. பழைய வண்ணங்களில் ஈயம் இருக்கக்கூடும் ஆதலால் தேய்ப்பவர் முகக்கவசம் அணிதல் நலம்.

சேசிஸ் எண் பொறிக்கப்பட்ட இடத்தில் தேய்ப்பு எந்திரத்தைப் பயன்படுத்தலாகாது. சோதனையில் அவ்வெண் பதிவுச் சான்றுடன் ஒப்பிடப்படுகிறது. எண் தேய்ந்திருந்தால் ஊர்தியின் அடையாளமே ஐயத்திற்கு உள்ளாகும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து எண்ணெய் தடவினாலே போதுமானது.

பிற நாடுகளில்

பிரித்தானியாவில் ஊர்திகளுக்கான கட்டாயச் சோதனை 1960இல் தொடங்கியது. அங்கு இருக்கைப் பட்டை, சக்கரத் தொங்கல் அமைப்பு முதலியவை பொருத்தப்பட்ட இடத்திலிருந்து 30 செ.மீ. தொலைவுக்குள் தகட்டின் உறுதியைக் கெடுக்கும் அளவு துரு இருந்தால் ஊர்தி தேர்ச்சி பெறாது. பளு தாங்கும் பகுதிகளில் பட்டி கொண்டு செய்யப்பட்ட பழுதுபார்ப்பும் ஏற்கப்படுவதில்லை. அழகைக் கெடுக்கும் துரு, பளு தாங்கும் பகுதியின் துரு என இரண்டாகப் பிரித்துப் பார்க்கும் இம்முறை, பழைய வேன் வைத்திருப்போர் கையிலுள்ள பணத்தை எந்த இடத்தில் முதலில் செலவிட வேண்டும் என்பதை முடிவு செய்யவும் உதவும். கதவிலுள்ள துரு அடுத்த ஆண்டு வரை காத்திருக்கலாம். தரையிலுள்ள துருவை உடனே கவனிக்க வேண்டும்.

இவற்றையும் பார்க்க

- அரிமானம்
- நாகமுலாம் பூசுதல்
- பற்றவைப்பு
- மோட்டார் வாகனச் சட்டம், 1988
- பள்ளிப்பட்டு