புதுவைக் கடலோர மெத்தை வீடுகள்

புதுவை நகரின் வடபால், கடலை ஒட்டி அமைந்தது குருசுக்குப்பம். குருசு என்பது சிலுவையைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல்லின் தமிழ் வடிவம். குப்பம் என்பதோ நெய்தல் நிலச் சிற்றூரின் பெயர். இருமொழிச் சொற்கள் ஓர் ஊர்ப்பெயரில் இணைந்து நிற்பது போலவே, அதன் தென்பால் விரியும் பழைய நகரின் வீடுகளிலும் இரு மரபுகள் இணைந்து நிற்கின்றன. அவ்வீடுகளுட் சில இந்நாளில் விடுதிகளாக மாறிப் 'பிரெஞ்சு மாளிகை' எனப் பெயர் பெறுகின்றன. அப்பெயர் எத்துணைப் பொருந்தும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

1761 சனவரியில் புதுவை ஆங்கிலேயர் வசமாயிற்று. அவர்கள் நகரைத் தரைமட்டமாக்கினர். 1763-ஆம் ஆண்டுப் பாரிசு உடன்படிக்கைக்குப் பின், 1765 முதல் ழான் லா என்னும் ஆளுநர் காலத்தில் நகர் மீண்டும் எழுந்தது. ஆதலின் இன்று காணும் பழைய வீடுகள் பெரும்பாலும் அதற்குப் பிற்பட்டனவே. அழிவினின்று தப்பியவற்றுள் நாட்குறிப்பாளர் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை தலையாயது. அதன் கீழ்த்தளம் மரத்தூண்கள் சூழ்ந்த முற்றத்தோடு தமிழ் முறையில் அமைந்தது. மேல்தளமோ வெண்சுதைத் தூண்களோடு பிரெஞ்சு முறையில் அமைந்தது.

இனி விடுதியான வீடு ஒன்றை நோக்குவோம். கடற்கரைக்கு அண்மையில், ரோமேன் ரோலான் வீதியில் உள்ள ஒரு பழைய மாளிகை முன்பு பிரெஞ்சு அரசின் கல்வித்துறைக்கு உரியதாய் இருந்தது. பின்னர் 'ஓத்தேல் தெ லொரியான்' என்னும் விடுதியாயிற்று. வாயிலில் 'பொதுக்கல்வி' என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. உள்ளே வளைவுகள் சூழ்ந்த முற்றம் உண்டு. தமிழர் வாழ்ந்த மேற்குப் பகுதியில், பெருமாள் கோயில் வீதியிலும் இவ்வாறே ஒரு தமிழர் இல்லம் 'மேசோன் பெருமாள்' என்னும் விடுதியாக மாறியது. முன்னது வீதிக்கு மதிலைக் காட்டும். பின்னதன் மரபோ திண்ணையை வீதிக்கு நீட்டி வழிப்போக்கனை அமர்த்தும். முகப்பு வேறு; வாழ்க்கைமுறை வேறு.

எனினும், அண்ணாந்து நோக்குவார்க்கு இருவகை வீட்டிலும் மேற்கூரை ஒன்றே. மர விட்டங்களின்மேல் குறுக்குச் சட்டங்கள் பரப்பி, சிறு செங்கற்களை விளிம்பில் நிறுத்திச் சுண்ணச்சாந்தில் சாய்வரிசையாய்ப் பதிப்பர். அதன்மேல் செங்கற்சல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காய் நீரும் வெல்ல நீரும் தெளித்துப் பன்னாள் கட்டையால் அடித்து இறுக்குவர். இறுதியில் தட்டோடு பதிப்பர். இதுவே மெத்தை. வரைபடம் பிரெஞ்சு நாட்டினதாயினும், சாந்து குழைத்ததும் மெத்தை அடித்ததும் தமிழ்க் கைகளே.

இம்மரபு வெறும் பழமையன்று, கடலோரத்திற்கு ஏற்றது. உப்புக்காற்றில் இரும்பு துருவேறும். சுண்ணச்சாந்தோ ஈரத்தை வாங்கி வெளிவிடும். பழஞ்சுவரின்மேல் சிமெந்துப் பூச்சு இட்டால் உள்ளீரம் வெளியேறாது தங்கிச் சுவரை நலிவிக்கும். பேணாத கட்டடத்தின் முடிவுக்குக் கடற்கரையிலிருந்த பழைய நகர்மன்றமே சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டினதாகிய அது 2014 நவம்பர் மழையில் இடிந்து வீழ்ந்தது. பழைய தோற்றத்திலேயே மீளக் கட்டப்பெற்று 2021-இல் திறக்கப்பட்டது.

தோற்றத்தை மீட்கலாம்; தொழிலறிவு ஒருமுறை அறுபடின் மீட்டல் அரிது. ஆகவே 'பிரெஞ்சு மாளிகை' என்பது பாதி உண்மையே. முகப்பைப் பேணுவோர் மெத்தையையும், அதனை அடித்த கொத்தர் தம் தொழிற்சொற்களையும் பேணுதல் வேண்டும். அச்சொற்களைத் தொகுப்பது தமிழாய்வாளர் கடனாகும்.