மிகையழுத்தம் (நிலத்தடிப் பாறை)

பாறைத் துளைகளிலுள்ள பாய்மத்தின் அழுத்தம், அந்த ஆழத்துக்குரிய நீர்நிலை அழுத்தத்தை விஞ்சும் நிலை. இயல்பளவு கிலோமீட்டருக்குச் சுமார் 10 மெகாபாஸ்கல்.

காரணங்கள்: விரைந்து புதையும் களிப்பாறையில் நீர் வெளியேற வழியின்றிச் சிக்குவது முதன்மையானது. ஸ்மெக்டைட் கனிமம் இலைட்டாக மாறுகையில் நீர் விடுபடல், கரிமப்பொருள் எரிவாயுவாதல், வெப்ப விரிவு, நிலத்தட்டு நெருக்கல், எரிவாயுவின் மிதப்பு ஆகியன பிற.

காவிரிப் படுகை: திருமலைராயன்பட்டினம் உள்ளிட்ட காரைக்கால் கடற்கரை இப்படுகையின்மேல் அமைந்தது. இதன் கிரெட்டேசியக் களிப்பாறைகள் எண்ணெய்க்கு மூலமாகவும் மூடியாகவும் உள்ளன. இத்தகைய களிப்பாறைகளில் மிகையழுத்தம் எழக்கூடும்; எனவே துளையிடுமுன் அழுத்தக் கணிப்பு இன்றியமையாதது.

அறிகுறிகள்: துளையிடுகையில் கிணற்றுள் சுழலும் சேற்றின் தொட்டி மட்டம் உயரும், அதிர்சல்லடையில் சிம்பு சிம்பாகக் களிப்பாறைச் சில்லுகள் சேரும். அழுத்தத்தை ஈடுகட்டப் பாரைட் தூள் கலந்து சேற்றின் அடர்த்தியைக் கூட்டுவர். அழுத்தம் கட்டுமீறினால் கிணறு பீறிடும். ஆந்திரத்தின் பாசர்லபூடியில் 1995 ஜனவரியில் பீறிட்ட எரிவாயுக் கிணறு இரண்டு மாதங்களுக்குமேல் எரிந்தது.