எல்லைக் கோட்டின் இருபுறமும் ஒலிக்கும் வில்

இசைக் குழு ஒன்று கலைந்த பின்னரும் அதன் இசை வாழ்வது எவ்வாறு? இவ்வினாவை எழுப்புவோர் பெரும்பாலும் மேலைநாட்டையே நோக்குவர். இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் தோன்றிய பீட்டில்ஸ் என்னும் நால்வர் குழு ஏறத்தாழப் பத்தாண்டுகளே ஒன்றாக இயங்கி 1970-ஆம் ஆண்டில் பிரிந்தது. அக்குழுவினருள் ஒருவரான ஜார்ஜ் ஹாரிசன் பண்டிட் ரவிசங்கரிடம் சிதார் பயின்றதும், 1968-இல் நால்வரும் ரிஷிகேசம் வந்து தங்கியதும் உலகறிந்த செய்திகள். அவர்களை நேரிற் காணாத தலைமுறையினரும் இன்று அவர்தம் பாடல்களைப் பாடுகின்றனர்.

இது வியப்பே. ஆயினும் பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்து எல்லையோரச் சிற்றூர்களில் வாழும் நாம் விடை தேடி அத்துணைத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. ஒலித்தட்டும் வானொலியும் தோன்றுமுன்பே, பாடியவர் பெயர் மறைந்தும் பாட்டு மறையாத குழுவிசை ஒன்று நம் கோயில் முற்றத்தில் வளர்ந்தது. அதுவே வில்லுப்பாட்டு, மலையாள வழக்கில் வில்லடிச்சான் பாட்டு.

மணிகள் கட்டிய நீண்ட வில்லை மண்குடத்தின் மீது கிடத்துவர். தலைமைப் பாடகர், அண்ணாவி என்றும் புலவர் என்றும் அழைக்கப்பெறுபவர், இரு வீசுகோல்களால் நாணைத் தட்டிக் கதையைத் தொடங்குவார். குடமும் உடுக்கையும் தாளமும் கட்டையும் உடன் ஒலிக்கும். பக்கப்பாட்டுக்காரர் அடியைத் திருப்பிப் பாடுவர். உரைநடையாகக் கதை சொல்லுமிடத்து ‘ஆமாம்’ என்று ஏற்றுரைப்பர். அண்ணாவி முதுமையுற்றால் பக்கத்திலிருந்தவர் வில்லின் முன் அமர்வார். ஆள் மாறும், குழு மாறாது. இக்கலை நீடித்தமைக்கு முதற் காரணம் இதுவே எனலாம்.

இதன் ஆற்றலுக்கு ஒரு சான்று காட்டுவோம். கொல்லம் 810-ஆம் ஆண்டில், அதாவது 1630-களின் நடுப்பகுதியில், மதுரைத் திருமலை நாயக்கரின் படை வேணாட்டின்மீது வந்தது. நாகர்கோவிலை அடுத்த கணியாகுளத்தில் நிகழ்ந்த போரில் வேணாட்டு அமைச்சரும் படைத்தலைவருமான இரவிக்குட்டிப் பிள்ளை வீழ்ந்தார். தீக்கனவு கண்டு வீட்டுப் பெண்டிர் தடுத்தும் அவர் களம் சென்றதை ‘இரவிக்குட்டிப் பிள்ளை போர்’ என்னும் கதைப்பாடல் உருக்கமாகக் கூறுகிறது. மதுரைத் தளபதி இராமப்பய்யனுக்கோ வேறோர் அம்மானைப் பாடல் உண்டு. எதிரெதிர் நின்ற இருவரும் தமிழ்ப் பாட்டிலேயே தலைவராயினர். ஆனால் நம் பகுதியின் நெஞ்சில் நிலைத்தவர் வென்றவர் அல்லர், வீழ்ந்தவரே. அரசு எழுப்பாத நினைவுச் சின்னத்தை வில் எழுப்பிற்று.

இக்கதைப்பாடலை மலையாள இலக்கிய வரலாற்றறிஞர் ‘தெக்கன் பாட்டுகள்’ என்னும் வரிசையில் வைத்துப் போற்றுவர். தமிழறிஞர் நாஞ்சில் நாட்டுக் கதைப்பாடல் என்பர். இவ்விரண்டில் ஒன்றே உண்மை என வழக்காடுதல் வீண். இரு மொழியும் கலந்து பேசிய மக்களின் உடைமை அது.

1956 நவம்பர் முதல் நாளன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு வேண்டியும் நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. களியக்காவிளைக்கு அப்பால் ஒரு மாநிலம், இப்பால் ஒரு மாநிலம். உறவினர் இருபுறமும் பிரிந்தனர். ஆனால் கோயில் கொடைக்கு அழைக்கப்பெற்ற குழுவினர் வில்லைத் தோளில் ஏந்தி அக்கோட்டைக் கடந்து வந்தவண்ணமே இருந்தனர்.

கலைவாணர் என். எஸ். கிருட்டிணன் நாகர்கோவிலின் ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்தவர். காந்தியடிகளின் வரலாற்றை வில்லில் பாடி, கொடைவிழாவுக்குரிய கலையைப் பொதுமேடைக்கு உரியதாக்கியவர் அவர். அவரோடு இணைந்து பணியாற்றிய சுப்பு ஆறுமுகம் அதனை நாடெங்கும் பரப்பி, 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2022-இல் மறைந்தார். குமரி மாவட்டத்துப் பூங்கனி அம்மையாரைப் போன்று வில்லின் முன் தலைமையேற்ற பெண்டிரும் உண்டு. அவர் 2018-இல் மறைந்தார்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் ஊர்க் கொடையொன்றில் முதிய அண்ணாவி ஒருவரின் பாட்டேட்டைப் புரட்டிப் பார்த்தோம். எழுத்து மலையாளம், சொல் தமிழ். “எனக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த எழுத்து அது, அப்பன் சொல்லித்தந்த பாட்டு இது” என்றார் அவர். நாம் வாய்மூடி நின்றோம். நம் மக்களில் பலர் தமிழ் எழுத்தறியார் என்பது நமக்கு நாளும் உறுத்தும் குறை. எழுத்து நழுவிய இடத்தில் தமிழைத் தாங்கிப் பிடித்தது அந்த ஏடும் அந்த வில்லுமன்றோ!

எனினும் அன்றிரவு முன்வரிசையில் பதினைந்து பேரே இருந்தனர். ஒலிபெருக்கியில் திரைப்பாட்டு தொடங்கியதும் இளைஞர் அப்பக்கம் சென்றனர். அவர்களைக் குறைகூறிப் பயனில்லை. கதையின் பொருளை அவர்களுக்கு எடுத்துரைக்காத நாமே குற்றவாளிகள். மேலைநாட்டுக் குழு கலைந்தும் அதன் பாட்டு ஒலிப்பதிவில் நின்றது. நம் அண்ணாவிமாரின் பாட்டுகளுள் பதிவு செய்யப்பெற்றவை மிகச் சில. ஆதலின் சங்க அன்பர்கள் ஊர்தோறும் எஞ்சிய ஏடுகளைப் படியெடுத்தலும், குரலைப் பதிவு செய்தலும், கொடையின் ஓர் இரவையேனும் வில்லுக்கென ஒதுக்குதலும் உடனே செய்யத்தக்கன.

அண்ணாவி கதை சொல்லும்போது ‘ஆமாம்’ என்று ஏற்றுரைக்க ஒரு குரல் வேண்டும். அது இல்லையேல் கதை நின்றுவிடும். அக்குரல் இனி நம்முடையதாக இருத்தல் வேண்டும்.